காற்று தீரும் சத்தம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்ன பேசினாய் என்று நினைவிருக்கிறதா? "மாமாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன், புதன்கிழமை சேர்க்கிறோம்" என்று நான் சொன்னேன். நீ, "ரொம்ப சந்தோஷம்க்கா, எல்லாருமாப் போயிட்டு வாங்க" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "உன் தம்பி நம்மளைச் சுற்றுலா அனுப்பி வைக்கிறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டேன். "ஆமாமா, நல்லாப் போயிட்டிருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

டிவி பார்த்துக்கொண்டே பேசினாயா? இருபது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். முன்பின் தெரியாதவன் எழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலே கண்ணில் படும். கூடப்பிறந்தவன் பேச்சில் மனசு விட்டுப்போனால் படாதா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். உனக்குக் கிடையாது.
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல். ஆபரேஷன் ஆன காலைத் தவிர்த்து இன்னொரு காலில். அவர் இப்போது நடக்கிறாரா? பாப்பா காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

தப்பு என்னுடையதில்லை அக்கா, லைன் சரியில்லை. தீயணைப்பு நிலையத்து முற்றத்தில் பம்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் கடிதமே எழுது. உன் கையெழுத்து இரைச்சல் போடாது.

நல்ல சேதி ஒன்று. எங்கள் நிலையத்துக்குத் தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு பேர், பதினான்கு மாதம், ஒருவர்கூட உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்கவில்லை. வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். தினமும் காலையில் எங்கள் அதிகாரி தன் கையாலேயே நாள் கணக்கைத் திருத்தி எழுதுவார். வண்டி துடைக்காத நாள் உண்டு, பலகை துடைக்காத நாள் கிடையாது.

விழாவில் நெட்டையனும் நானும்தான் கேடயத்தை வாங்கினோம். அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, என் ஜோடி. புகைக்குள் போவதென்றால் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், இரண்டு பேராகத்தான் வர வேண்டும். பதினோரு வருடமாக அவன்தான் என்னோடு வருகிறான். இத்தனை வருடத்தில் கதவு நிலையில் தலை இடிக்காமல் அவன் நுழைந்ததே இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

மாமா வாக்கரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்கிறார். சுவர் தாங்குகிறது. நானும் நலமே. அங்கே உங்கள் உடம்பு எப்படி?

கேடயத்துக்கு வாழ்த்து. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பன்னிரண்டு பேருக்கும் பதினான்கு மாதமாக ஒரு காய்ச்சல்கூட வரவில்லையா? எங்கள் அச்சகத்தில் ஒன்பது பேர். நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிற நாங்களே மாதத்துக்கு ஒருவர் படுத்துக்கொள்கிறோம். நீங்கள் நெருப்போடு மல்லுக்கட்டுகிறவர்கள். மனுஷர்களா, மரக்கட்டைகளா? மரக்கட்டை என்றால் அந்த வேலைக்கே ஆகாதே.

பதில் போடு.
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். மாமா நலந்தானே?

போன வாரம் ஸ்பாஞ்சு மெத்தைக் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. மத்தியான நேரம். பேப்பரில் பார்த்துப் பயந்துவிடப்போகிறாய் என்றுதான் எழுதுகிறேன். வெளியே வரும்போது நெட்டையன் சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து விழுந்துவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. வலது உள்ளங்கையில் தீக்காயம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் புகை உள்ளே போனது, அவ்வளவுதான்.

விசாரணை நடக்கிறது. இரண்டு ஆள் குறைவதால் வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.
தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உனக்கு ஒன்றுமில்லை என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. நெட்டையனுக்கு எப்படி இருக்கிறது? அவன் வீட்டில் யார் சமைத்துப் போடுகிறார்கள்? உன் பெண்டாட்டி போய்ப் பார்க்கிறாளா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு பேராகப் போனால் இரண்டு பேராகத்தான் வர வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாய். அவன் விழுந்தபோது நீ எங்கே இருந்தாய்? ஒரு ஆள்தானே விழுந்தது, இரண்டு ஆள் குறைகிறது என்கிறாயே, இன்னொருவர் யார்?

நேரம் கிடைக்கும்போது எழுது. உடம்பு பத்திரம்.
அக்கா


ஏப்ரல் 5

தம்பி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்டது தப்பென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். சுகமாக இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது. மாமா தினமும் தபால்காரரைப் பார்க்க வாசல் வரை நடக்கிறார். காலுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் வெறுங்கையோடு திரும்புகிறார்.
அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவியின் வணக்கம். அண்ணனின் கால் தேறி வருகிறது என்று உங்கள் கடிதத்தில் பார்த்தேன், நிம்மதி. ஆமாம் அண்ணி, உங்கள் கடிதங்களை நானும் படித்தேன். இவர் படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிடுவார், பதில் எழுத உட்காருவார், எழுந்துவிடுவார்.

சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறுகிறேன். இவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு மூன்று வருடமாகவே. நாம் பேசுவது ஓரளவு கேட்கும், முகத்தைப் பார்த்துப் பேசினால். போனில் முகம் ஏது? கீச்சென்ற சத்தம் எதுவுமே கேட்காது. ஒருநாள் குக்கர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் விசில் வரலையா?" என்று கேட்டார். ஐந்து விசில் வந்து அடி பிடித்துப் போயிருந்தது. பாப்பா வலது பக்கம் நின்று பேசினால் சிரித்துத் தலையாட்டுவார். அவள் அதைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் நின்றுதான் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்குகிறாள்.

கிடங்கில் என்ன நடந்தது என்று என்னிடமும் சொல்லவில்லை. இவரையும் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், உங்களுக்கு எழுதியதே அங்கிருந்துதான். நெட்டையன் அண்ணன் உத்தரவில்லாமல் தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு வேறு வழியாக ஓடி வந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் எழுதுகிறார்களாம். அப்படி முடிந்தால் பதவி இறக்கம். இவர், "எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மூன்று தடவை அவரைப் பார்க்கப் போய், ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். நீங்கள் எழுதுங்கள் அண்ணி. கடிதத்திலிருந்து எழுந்து போக முடியாது.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 23

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கப்போவதில்லை, பயப்படாமல் படி.

உன் காது விஷயம் எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று வீட்டில் சண்டை போட்டால் எனக்கு அதுவும் தெரிந்துவிடும். ஜனவரியில் உனக்கு மனசில்லை என்று எழுதினேனே, அதை நினைத்து நினைத்து இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு முழுப் பக்கத்தைத் திருத்தாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் பொய் சொன்னதை விடு. பயந்துபோய் மறைத்தாய், அது புரிகிறது. ஆனால் நெட்டையனைப் பற்றி எழுதுகிறார்களே, அந்த அறிக்கையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதை எழுதத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு எழுத முடியாவிட்டால் முதலில் எனக்கு எழுது. ஒரு எழுத்தைக்கூடத் திருத்தமாட்டேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நான் நலம் என்று இதுவரை எழுதியதெல்லாம் பொய்.

எங்கள் வண்டியில் சைரன், கூரையில், முன் இருக்கைக்கு நேர் மேலே இருக்கிறது. பதினெட்டு வருடமாக நான் அதற்குக் கீழே உட்கார்ந்து போகிறேன். இறங்கினால் பம்பு சத்தம். முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் பாப்பாவின் குரல் பாதி. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஆறடி பின்னால் நின்று ஒரு எண்ணை மெதுவாகச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே வரிசையில் நெட்டையன் நிற்பான். அறுபத்து நான்கு என்றால் தொடையில் ஆறு தட்டு, கொஞ்சம் விட்டு நாலு தட்டு. இரண்டு வருடம் அப்படித்தான் தேறினேன். தேறாதவனைச் சாமான் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். தீயைப் பார்த்து ஓடிப் பழகியவன் சாவிக்கொத்தோடு உட்காருவதா என்று எனக்கு ஆங்காரம்.

நான் மட்டுமில்லை அக்கா. எங்கள் ஓட்டுநர் சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறார். இன்னொருத்தன் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குளியலறையில் இருமுகிறான். பலகையில் இருக்கிற கணக்கைப் பூஜ்யமாக்கிய ஆள் என்று பெயர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை.

இப்போது கிடங்கு. முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டரில் ஒரு விசில் உண்டு. காற்று தீரப்போகிறது என்றால் கீச்சென்று அடிக்க ஆரம்பிக்கும். அடித்தால் எதையும் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். கடிகாரம் மாதிரி ஒரு அளவுமானியும் உண்டு, ஆனால் அந்தக் கரும்புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. காவலாளி உள்ளே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நெட்டையன் என் தோளைப் பிடித்து இழுத்தான். பயந்துவிட்டான் என்று நினைத்து உதறினேன். மறுபடி இழுத்தான், மறுபடி உதறிவிட்டு இன்னும் பத்தடி உள்ளே போனேன். என் விசில்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை.

பிறகு மூச்சை இழுத்தேன், வரவில்லை. முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் தன் முகமூடியை என் முகமூடியோடு இடித்து, "எவ்வளவு நேரமாடா அடிக்குது, விளையாடறியா?" என்று கத்தியது மட்டும் கேட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது விதி. அவ்வளவு தூரம் நான் தாங்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குழாயை விட்டுவிட்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த இரும்புக் கதவைக் கையால் தள்ளினான். கதவு தணலாக இருந்தது. அவன் கையுறையில் உள்ளங்கைப் பக்கம் ஓட்டை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு நாலு மாதமாகிறது. வெளியே மேடை விளிம்பு தெரியாமல் என்னையும் சுமந்துகொண்டு விழுந்தான். எலும்பு அவனுக்கு முறிந்தது. காவலாளி அப்போது டீக்கடையில் இருந்தார்.

நேற்று உள்ளே போய் அவனைப் பார்த்தேன். கையில் தோல் ஒட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "என்னடா, வாசல்ல செக்யூரிட்டி வேலை கிடைச்சிருக்கா? மூணு தடவை ஜன்னல் வழியாப் பார்த்தேன்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால வாய் திறக்க முடியலடா" என்றேன். "நீ மட்டுமா திறக்கல? நானும்தான் எதுவும் சொல்லல. விரல் தட்டினவன் நான்டா. ரெண்டு பேரும் சேர்ந்துதானே இதைப் பண்ணினோம்" என்றான்.

உனக்கு எழுதியதை அப்படியே இன்னொரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். அவன் விரல் தட்டியதை எழுதவேண்டாம் என்று பார்த்தேன். "எழுதுடா, பாதி உண்மைக்கு மறுபடியும் விசாரணை வைப்பாங்க" என்று அவனே சொல்லிவிட்டான். நாளை காலை கொடுக்கிறேன்.
தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

சொன்னபடி ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "முட்டி கெட்டதுக்கு நான் மூணு மாசம் லீவு போட்டேன். காது கெட்டவன் தீக்குள்ள போயிருக்கான்" என்றார். அப்புறம், "அந்த நெட்டைப் பிள்ளையைப் பார்க்கணும்" என்றார்.

கொடுத்துவிட்டாயா? என்ன சொன்னார்கள்? எது வந்தாலும் எனக்கு எழுது. வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார், கதவைச் சாத்தினார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "உனக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, வாயசைவு தெரியும்படி கேட்டார். யார் பெயரையும் சொல்லாமல், "இல்லை சார்" என்றேன்.

அப்புறம் ஒரு வாரம் அவர் வண்டிப் புறப்பாட்டுப் புத்தகத்தோடேயே உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததிலிருந்து வண்டி வாசலைத் தாண்டும் வரை எத்தனை வினாடி என்று அதில் எழுதுவோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐம்பது. கேடயம் வாங்கிய மாதம் எண்பது. ஏணியை நிறுத்த, குழாயை மாட்ட, எல்லாமே நீண்டுகொண்டே வந்திருக்கிறது. முதுகு போனவன் ஏணி தூக்கினால் வேறென்ன ஆகும்? எங்களை நிற்க வைத்து, "லீவு போடாதவன் வேலை செய்றான்னு நினைச்சேன். வந்து நிக்கிறான், அவ்வளவுதான். தப்பு என்னோடது" என்றார். பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

எல்லாருக்கும் கருவி வைத்துக் காதுப் பரிசோதனை, கூடவே முழு உடம்புப் பரிசோதனை என்றதும் ஒருவரும் நகரவில்லை. அவரே முதலில் அறைக்குள் போனார். திரும்பி வந்து, "இடது காது போச்சு" என்றார், ஏதோ குடை தொலைந்த மாதிரி. அப்புறம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குக் காது, மூன்று பேருக்கு முதுகு, ஒருவனுக்கு நுரையீரல். ஓட்டுநர் மட்டும் முதுகைக் காட்டவில்லை, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதித்துவிட்டார்.

நெட்டையன்மேல் விபத்துக் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பரிசோதனையில் ஏமாற்றியதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் எச்சரிக்கை. எனக்கு இனிமேல் புகைக்குள் போக அனுமதி இல்லை. மூச்சுக் கருவிகளைச் சோதிப்பதும், புதியவர்களுக்குப் பழக்குவதும் என் வேலை.

உத்தரவு வந்த மறுநாள் மணி அடித்தது. கால் தானாக ஓடிவிட்டது அக்கா. வண்டிக் கதவைப் பிடித்தபின்தான் நினைவு வந்தது. இறங்கி நின்றேன். வண்டி போனபின் முற்றம் இவ்வளவு பெரியது என்று தெரிந்தது.
தம்பி


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். மாமா மாடிப்படி ஏறுகிறார் என்று கேட்டு என் வீட்டுக்காரி, "அப்படின்னா நம்ம வீட்டு மாடிக்கும் ஏறலாமே, வரச் சொல்லுங்க" என்கிறாள். காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறேன். மிக்சி இவ்வளவு பயங்கரமான ஜந்து என்று மறந்தே போயிருந்தேன். பாப்பாவுக்குத்தான் வருத்தம், வலது பக்கத்து அனுமதிகள் எல்லாம் ரத்து.

நடுவில் நிலையம் படாதபாடு பட்டது. நாலு பேர் சிகிச்சைக்குப் போய்விட்டார்கள், பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் கடன் வாங்கினோம். கேடயம் வாங்கிய நிலையத்தில் இவ்வளவு விடுப்பா என்று தலைமை அலுவலகம் கேட்டது. அதிகாரி புறப்பாட்டுப் புத்தகத்தைப் பிரதி எடுத்து அனுப்பினார். மூன்று கடிதம் எழுதிச் சைரனைக் கூரையிலிருந்து முன்பக்கத்துக்கு இறக்கினார். பம்புக்காரனுக்குக் காதுக் கவசம், எல்லாருக்கும் புதுக் கையுறை. ஆகஸ்டு முடிய நாங்கள் மெதுவாகத்தான் இருந்தோம். போனவர்கள் ஒவ்வொருவராகத் தேறி வர, வினாடி இறங்க ஆரம்பித்தது. இந்த மாதம் ஐம்பத்து மூன்று.

நெட்டையன் வேலைக்கு வந்துவிட்டான். கை முழுதாக மடங்கவில்லை, ஆனால் பிடிக்கிறான். புது ஜோடி. போன வாரம் ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடி. தாயையும் இரண்டு பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பார்க்கும்போது ஜோடிக்கு விசில் அடித்திருக்கிறது. அடித்த உடனே இரண்டு பேரும் வெளியே. சிலிண்டரை என் மேஜையில் வைத்துவிட்டு, "பாரு, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றான். அளவுமானியைப் பார்த்தேன். இருந்தது. வாசலில் வழக்கம்போல் தலையை இடித்துக்கொண்டு போனான்.

நேற்று மத்தியானம் நான் முகமூடிகளைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு முகமூடியை எடுத்தார், துடைத்தார், வைத்தார். மறுபடி அதையே எடுத்துத் துடைத்தார். என்னைவிடப் பெரியவர், தானாக வந்து பேசுகிறவர் இல்லை.

"தம்பி, லீவு லெட்டர் எப்படி எழுதறது?"

"என்னண்ணே, உங்களுக்குத் தெரியாததா? வீட்டு விசேஷம், சொந்த வேலைன்னு எத்தனை எழுதியிருப்பீங்க."

"அது தெரியும். இது வேற." சுற்றிலும் பார்த்துவிட்டு, "முதுகு. மூணு வருஷமா. பிரேக்கை மிதிச்சா இங்கேருந்து கால் வரைக்கும் இழுக்குது. போன வாரம் அந்தத் திருப்பத்துல ஒரு நொடி மிதிக்கவே முடியல. வண்டியில ஆறு பேர் இருந்தாங்க தம்பி" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'காரணம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். "முதுகு வலின்னே போடு" என்றார். போட்டேன். அவர் போட்ட கையெழுத்துக் கோணிக்கொண்டு போனது.

இரண்டு பேருமாகத்தான் அதிகாரி அறைக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார்.

"எத்தனை நாள் கேட்டிருக்கே?"

"பத்து நாள் சார். முடியலேன்னா எட்டு போதும்."

அதிகாரி பேனாவை அவரிடமே நீட்டினார்.

"அடிச்சிட்டு இருபதுன்னு போடு."

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். போனிலும் கூப்பிடலாம் அக்கா.

அன்புடன்,
தம்பி